திரையில் அலறும் பொய் அபாயமணி

கணினியில் செய்தி படித்துக்கொண்டிருக்கும்போது, அல்லது பழைய பாடல் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கும்போது, திடீரென்று திரை முழுவதும் நீலமாகவோ சிவப்பாகவோ மாறுகிறது. காதைத் துளைக்கும் ஒலி எழுகிறது. “உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது. உங்கள் வங்கி விவரங்கள் களவு போகின்றன. கணினியை அணைக்க வேண்டாம். உடனே இந்த எண்ணை அழையுங்கள்” என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. மூலையில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் சின்னம். மூடிவிடலாம் என்று மவுஸை நகர்த்தினால், மூடும் பொத்தானைக் காணோம்.

பதற்றத்தில் பலர் தொலைபேசியை எடுத்து அந்த எண்ணை அழைத்துவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு முந்திய நொடிவரை பெரும்பாலும் கணினிக்கும் ஒன்றும் ஆகியிருக்காது, வங்கிக் கணக்குக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்பார்கள். முதலில் அரள வைப்பது, பிறகு பேயோட்ட வருகிறேன் என்று சொல்லிப் பணம் பறிப்பது. தொழில்நுட்ப உதவி மோசடி என்பது இவ்வளவுதான். ஆனால் இந்த எளிய தந்திரத்தில் ஆயுள்காலச் சேமிப்பையே இழந்தவர்கள் உண்டு.

சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டில் எல்லா வகை மோசடிகளிலும் சேர்த்து மக்கள் இழந்த தொகை 651.8 மில்லியன் வெள்ளி. 2024இல் அது 1.1 பில்லியன் வெள்ளியைத் தொட்டது. அந்த ஓராண்டில் மட்டும் 51,501 மோசடிச் சம்பவங்கள் பதிவாயின. வேலை மோசடி, முதலீட்டு மோசடி என்று பல வகைகள் இதில் அடக்கம். தொழில்நுட்ப உதவி மோசடிக்கு இவற்றிலிருந்து ஒரு வேறுபாடு உண்டு. இங்கே யாரும் பேராசைப்பட்டு ஏமாறுவதில்லை. கையில் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

அறிவிப்பு எங்கிருந்து வருகிறது?

இம்மோசடி பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வரும் கேள்வி, “என் கணினிக்குள் வைரஸ் இல்லையென்றால் இந்த அறிவிப்பு எப்படி வந்தது?” என்பதுதான்.

பதில் எளியது. திரையில் தெரிவது ஓர் இணையப்பக்கம். செய்தியோ சமையற்குறிப்போ உள்ள மற்றப் பக்கங்களைப் போலவே அதுவும் ஒன்று. வைரஸ் எச்சரிக்கை போலத் தெரியும்படி வரைந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உலாவியைத் திரை முழுவதும் விரியச் செய்வதும், மவுஸ் அம்புக்குறியை மறைப்பதும், ஒலி எழுப்புவதும், “சரி” என்று அழுத்த அழுத்த மீண்டும் மீண்டும் ஒரு பெட்டியைத் தோன்றச் செய்வதும் எந்த இணையப்பக்கத்தாலும் முடிகிற காரியங்கள்.

அந்தப் பக்கத்துக்கு நாம் போய்ச் சேரும் வழிகள் பல. முகவரியைத் தட்டும்போது ஓர் எழுத்து தவறினால், அந்தத் தவறான முகவரியை மோசடிக்காரர் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கலாம். இலவசத் திரைப்படம் காட்டும் தளங்களில் வரும் விளம்பரங்கள் வழியாகவும் போகலாம். சில வேளைகளில் நல்ல தளங்களில் வரும் விளம்பரங்களுக்கு நடுவிலும் மோசடி விளம்பரம் கலந்துவிடும்.

தேடுபொறியும் ஒரு வழி. அச்சுப்பொறி வேலை செய்யவில்லை என்று அதன் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுகிறோம். மேலே முதலாவதாக வருவது பணம் கட்டிப் போடப்பட்ட விளம்பரமாக இருக்கலாம். அதில் உள்ள எண் அந்த நிறுவனத்தின் எண்தான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. கணினித் திரையின் வலது மூலையில் “உங்கள் வைரஸ் பாதுகாப்பு காலாவதியாகிவிட்டது”, “5 வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டன” என்று சிறு பெட்டிகள் அடிக்கடி தோன்றும். என்றோ ஒரு நாள் ஏதோ ஒரு தளம், “நீங்கள் இயந்திரம் அல்ல என்று நிரூபிக்க அனுமதி என்பதை அழுத்துங்கள்” என்று கேட்டிருக்கும். அழுத்தியிருப்போம். உண்மையில் அந்தத் தளம் நமக்கு அறிவிப்புகளை அனுப்ப நாம் கொடுத்த அனுமதி அது. உலாவியின் அமைப்புகளுக்குள் சென்று, அறிவிப்புகள் என்ற பகுதியில், தெரியாத தளங்களின் பெயர்களை நீக்கிவிட்டால் இந்தத் தொல்லை நின்றுவிடும்.

நம்ப வைக்கும் சின்னச் சின்னப் பொய்கள்

அந்தப் பக்கத்தில் உங்கள் கணினியின் ஐபி முகவரி, நீங்கள் இருக்கும் நாடு, பயன்படுத்தும் உலாவி, இணையச் சேவை நிறுவனம் ஆகியவை சரியாகவே இருக்கும். “இவையெல்லாம் எப்படித் தெரிந்தன? உண்மையாகத்தான் இருக்கும்” என்று பலர் நம்புவது இதனால்தான். நாம் திறக்கும் ஒவ்வோர் இணையத்தளத்துக்கும் இந்த விவரங்கள் இயல்பாகவே தெரியும். கடிதம் அனுப்பினால் உறையில் முகவரி இருப்பது போல. முகவரி தெரிந்தவரெல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டார் என்று ஆகாது.

கணினியை அணைக்காதீர்கள் என்பது இரண்டாவது பொய். அணைத்தால் அந்தப் பக்கம் போய்விடும், நம் பதற்றமும் தணிந்துவிடும் என்பதே அவர்களின் கவலை.

தொலைபேசி எண்தான் மூன்றாவது. அதுவே பொய்யைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமும்கூட. தன்னுடைய பிழைச் செய்திகளிலும் எச்சரிக்கைகளிலும் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றிலேயே வைரஸ் தடுப்பு மென்பொருள் சேர்ந்தே வருகிறது. அது உண்மையிலேயே ஒரு வைரஸைக் கண்டால் தானே அதைத் தடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த விவரத்தை விண்டோஸ் பாதுகாப்புப் பகுதியில் பதிந்து வைக்கும். யாரையும் அழைக்கச் சொல்லாது.

ஆகவே நினைவில் வைத்துக்கொள்ள ஒரு விதி போதும். வைரஸ் எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருந்தால் அது போலி. கணினியைப் பற்றி வேறு எதுவும் தெரியாத பாட்டிக்கும் இந்த ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

அழைத்தால் என்ன நடக்கும்?

மறுமுனையில் பேசுபவர் மிரட்டமாட்டார். மிகவும் பணிவாகப் பேசுவார். தன் பெயர், பணியாளர் எண் எல்லாம் சொல்வார். “நல்லவேளை, தக்க நேரத்தில் அழைத்தீர்கள்” என்பார். நம் மொழியில் பேசுகிறார், நம்மவர் போலத் தெரிகிறார் என்பதெல்லாம் அவர் நேர்மையானவர் என்பதற்குச் சான்று ஆகாது.

முதலில் ஒரு மென்பொருளைப் பதிவிறக்கச் சொல்வார். டீம்வியூவர், எனிடெஸ்க் போன்ற பெயர்கள் காதில் விழும். இவை மோசடி மென்பொருள்கள் அல்ல. அலுவலகங்களில் கணினிப் பிரிவினர் தொலைவில் இருந்தபடியே பழுது பார்க்கப் பயன்படுத்தும் முறையான கருவிகள். அதனால்தான் வைரஸ் தடுப்பு மென்பொருளும் இவற்றைத் தடுப்பதில்லை. ஆனால் திரையில் தோன்றும் எண்ணை நாம் படித்துச் சொல்லி அனுமதி கொடுத்த கணத்தில், கணினி அவர் கைக்குப் போய்விடுகிறது. நம் வீட்டு மேசைமுன் அவரை உட்கார வைத்த மாதிரிதான்.

அடுத்து வருவது ஒரு சிறு நாடகம். விண்டோஸில் நிகழ்வுப் பதிவேடு ஒன்று உண்டு. கணினியில் நடக்கும் சின்னச் சின்னத் தடங்கல்களை எல்லாம் அது குறித்து வைக்கும். எந்தக் குறையும் இல்லாத கணினியிலும் அதில் நூற்றுக்கணக்கான சிவப்பு, மஞ்சள் குறிகள் இருக்கும். அதைத் திறந்து காட்டி, “பார்த்தீர்களா, எத்தனை வைரஸ்!” என்பார்.

பிறகு கறுப்புப் பெட்டி ஒன்றைத் திறந்து ஒரு கட்டளையைத் தட்டுவார். கணினியில் உள்ள கோப்புகளின் பெயர்கள் மளமளவென்று ஓடும். அது வெறும் பட்டியல். அதையே வைரஸ் சோதனை என்பார். அந்தப் பட்டியலின் முடிவில், “வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது” என்று தானே தட்டிவைப்பதும் உண்டு. இன்னொரு கட்டளை, நம் கணினி எந்தெந்த இணைய முகவரிகளோடு தொடர்பில் இருக்கிறது என்று காட்டும். அதில் “ஃபாரின் அட்ரஸ்” என்ற தலைப்பு இருக்கும். மறுமுனையின் முகவரி என்பதே அதன் பொருள். அதைச் சுட்டிக்காட்டி, “வெளிநாட்டுக்காரர்கள் உங்கள் கணினிக்குள் இருக்கிறார்கள்” என்பார்.

சில விண்டோஸ் கணினிகளில் தட்டினால் தெரியும் ஒரு நீண்ட எண்ணை வைத்தும் ஏமாற்றுவார்கள். அது எல்லா விண்டோஸ் கணினிகளிலும் ஒன்றேதான். அதை முன்கூட்டியே வரிசை தவறாமல் சொல்லிக்காட்டி, “இது உங்கள் கணினிக்கு மட்டுமே உரிய எண், நாங்கள் மைக்ரோசாஃப்ட் என்பதற்கு இதுவே ஆதாரம்” என்பார்கள்.

இத்தனைக்கும் பிறகு நம்பாமல் இருப்பது கடினம். கணினி தெரியாதவருக்கு அந்தத் திரையில் தெரிவது ஒன்றும் புரியாது. புரிந்தவர்போல் பேசுகிறவரை நம்புவது மனித இயல்பு.

பணம் போகும் வழி

தொடக்க காலத்தில் பழுது பார்க்கும் கட்டணம் என்று சில நூறு வெள்ளி கேட்டு முடித்துக்கொண்டார்கள். இப்போது அவர்கள் குறி வைப்பது வங்கிக் கணக்கை.

“உங்கள் கணக்கில் பணம் பத்திரமாக இருக்கிறதா என்று பாருங்கள்” என்பார். நாம் வங்கித் தளத்தில் நுழைவோம். மறைச்சொல்லை நாமே தட்டுகிறோம், அவர் கேட்கவில்லை, ஆகவே பாதுகாப்பு என்று நினைப்போம். ஆனால் திரையை அவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார். கணக்கு திறந்ததும் திரை கறுப்பாகலாம். “சுத்தம் செய்கிறோம், அரை மணி நேரம் தொட வேண்டாம்” என்பார். அந்த அரை மணி நேரத்தில் கணக்கிலிருந்து பணம் வேறு கணக்குகளுக்குப் போய்க்கொண்டிருக்கும். இடையில் வங்கியிலிருந்து கைப்பேசிக்கு உறுதிப்படுத்தும் கோரிக்கை வரும். “வைரஸை நீக்க ஒப்புதல் கொடுங்கள்” என்று சொல்லி அதையும் நம் விரலாலேயே அழுத்த வைப்பார்.

இன்னொரு வகை, பணம் திருப்பித் தரும் நாடகம். “நாங்கள் சேவையை நிறுத்துகிறோம், உங்களுக்கு 300 வெள்ளி திருப்பித் தர வேண்டும்” என்பார். சற்று நேரத்தில், “ஐயோ, தவறி 3,000 வெள்ளி போட்டுவிட்டேன், என் வேலை போய்விடும்” என்று கெஞ்சுவார். திரையில் பார்த்தால் கணக்கில் உண்மையிலேயே அதிகப் பணம் தெரியும். வங்கியின் பக்கத்தில் தெரியும் எண்ணை உலாவியிலேயே தற்காலிகமாக மாற்றிக் காட்ட முடியும். அல்லது நம்முடைய சேமிப்புக் கணக்கிலிருந்தே நடப்புக் கணக்குக்கு மாற்றியிருப்பார். பாவம் என்று இரங்கி 2,700 வெள்ளியைத் “திருப்பி” அனுப்புவோம். போவது முழுக்க நம் பணம்.

பரிசு அட்டைகளை வாங்கி, பின்புறத்தைச் சுரண்டி, எண்ணைப் படித்துச் சொல்லச் சொல்வதும் உண்டு. எந்த உண்மையான நிறுவனமும் பழுது பார்த்த கட்டணத்தைப் பரிசு அட்டையாகக் கேட்காது.

அவர்களே அழைத்தால்?

திரையில் எதுவும் தோன்றாமல், தொலைபேசி மணி மட்டும் அடிப்பதும் உண்டு. “உங்கள் இணையச் சேவை நிறுவனத்திலிருந்து பேசுகிறேன். உங்கள் வீட்டு வைஃபையை யாரோ ஊடுருவியிருக்கிறார்கள்” என்று ஆரம்பிப்பார். சற்று நேரத்தில் அழைப்பு இன்னொருவருக்கு மாறும். அவர் தன்னைக் காவல்துறை அதிகாரி என்றோ, இணையப் பாதுகாப்பு அதிகாரி என்றோ அறிமுகப்படுத்திக்கொள்வார். “ஊடுருவியவனைக் கையும் களவுமாகப் பிடிக்க உங்கள் உதவி தேவை. வங்கிக் கணக்கைத் திறந்து வையுங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள், விசாரணை கெட்டுவிடும்” என்பார். நாட்டுக்கு உதவுகிறோம் என்ற பெருமிதத்தோடு சேமிப்பைப் பறிகொடுப்பவர்கள் இவர்கள்.

இங்கே இரண்டு விவரங்கள் உதவும். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளின் முன்னால் 2020ஆம் ஆண்டிலிருந்து கூட்டல் குறி சேர்க்கப்படுகிறது. சிங்கப்பூருக்குள்ளிருந்து வரும் அழைப்பில் அந்தக் குறி இருக்காது. ஆகவே கூட்டல் குறியோடு 65 என்று தொடங்கும் அழைப்பு, உள்ளூர் எண்போல வேடம் போட்டு வெளிநாட்டிலிருந்து வருவதாக இருக்கலாம். வெளிநாட்டில் பிள்ளைகளோ உறவினரோ இல்லாதவர்கள், வெளிநாட்டு அழைப்புகளையே தடுத்துவைக்கும் வசதியைத் தங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம்.

இரண்டாவது, அரசாங்க அதிகாரிகள் எவரும் தொலைபேசியில் பணத்தை மாற்றச் சொல்லவோ, வங்கி விவரங்களைக் கேட்கவோ மாட்டார்கள். சீருடையில் வீடியோவில் தோன்றினாலும் இதில் மாற்றம் இல்லை.

மின்னஞ்சலில் வரும் போலி ரசீதும் இதே குடும்பம்தான். “வைரஸ் தடுப்புச் சேவைக்கு 399 வெள்ளி உங்கள் அட்டையில் கழிக்கப்படும், வேண்டாம் என்றால் இந்த எண்ணை அழையுங்கள்” என்று வரும். வாங்காத பொருளுக்கு ரசீது வந்தால், வங்கிக் கணக்கைச் சரிபாருங்கள். ரசீதில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள்.

பழைய சரக்கு, புதிய பொட்டலம்

இது நேற்று முளைத்த மோசடி அல்ல. போலி வைரஸ் சோதனை காட்டி மென்பொருள் விற்ற ஒரு கும்பல்மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2008 டிசம்பரில் வழக்குத் தொடர்ந்தது. வின்ஃபிக்ஸர் முதலிய பெயர்களில் விற்ற அந்த மென்பொருளை வாங்கி ஏமாந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று ஆணையம் கூறியது. 2012 அக்டோபரில், தொலைபேசி வழி தொழில்நுட்ப உதவி மோசடிகள் தொடர்பில் அதே ஆணையம் ஆறு வழக்குகளை அறிவித்தது.

இந்தியாவிலும் இத்தகைய அழைப்பு நிலையங்கள் இயங்கின. 2023 அக்டோபரில் இந்தியாவின் மத்தியப் புலனாய்வுத் துறை, ஆபரேஷன் சக்ரா-2 என்ற பெயரில் நாடெங்கும் 76 இடங்களில் சோதனை நடத்தியது. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்கள் கொடுத்த புகார்களும் அந்தச் சோதனைகளுக்குக் காரணம். சம்பளம் வாங்கி, பயிற்சி பெற்று, எழுதி வைத்த வசனத்தைப் பார்த்துப் பேசுகிறவர்கள் மறுமுனையில் இருக்கிறார்கள் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். நாம் தனி ஆள், அவர்கள் ஒரு நிறுவனம். வாதாடி வெல்ல முயல வேண்டாம். வைத்துவிடுவதே வெற்றி.

திரையை எப்படி மூடுவது?

முதலில் ஒலியைக் குறையுங்கள். பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

திரை முழுவதும் விரிந்திருந்தால் எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். மறைந்திருந்த மூடும் பொத்தான் தோன்றும். அப்படியும் மூடாவிட்டால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். இயங்கிக்கொண்டிருக்கும் மென்பொருள்களின் பட்டியல் வரும். அதில் உலாவியைத் தேர்ந்தெடுத்து நிறுத்திவிடலாம். ஆப்பிள் கணினியில் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப் விசைகளை அழுத்த வேண்டும்.

இதெல்லாம் நினைவில் நிற்காது என்பவர்கள், மின்பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்துக் கணினியை அணைத்துவிடலாம். மீண்டும் போட்டதும், “முன்பு திறந்திருந்த பக்கங்களை மறுபடி திறக்கவா?” என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிறகு விண்டோஸ் பாதுகாப்பைத் திறந்து ஒரு முழுச் சோதனை நடத்திக்கொண்டால் மனம் நிம்மதியாகும்.

கைப்பேசியிலும் இதே கதைதான். “உங்கள் கைப்பேசியில் 13 வைரஸ்கள்” என்று வந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டால் போதும். அது காட்டும் செயலியைப் பதிவிறக்கக் கூடாது. செயலிகளைக் கூகல் பிளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர் ஆகிய இடங்களைத் தவிர வேறெங்கிருந்தும் இறக்க வேண்டாம்.

உலாவிகளும் இப்போது துணைக்கு வந்திருக்கின்றன. இத்தகைய மிரட்டல் பக்கங்களை அடையாளம் கண்டு தடுக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் தன் எட்ஜ் உலாவியில் 2025இல் அறிமுகப்படுத்தியது. இதைப் பெற உலாவியை அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் எந்தத் தடுப்பும் முழுமையானது அல்ல.

கணினி உண்மையிலேயே பழுதானால் என்ன செய்வது? உதவி தேடி நாம் போக வேண்டும். உதவி நம்மைத் தேடி வரக்கூடாது. வாங்கிய கடை, பொருளோடு வந்த கையேட்டில் உள்ள எண், மாதக் கட்டண ரசீதில் அச்சிட்ட எண், வங்கி அட்டையின் பின்புறம் உள்ள எண் ஆகியவை நம்பத்தக்கவை.

ஏமாந்துவிட்டால்?

இங்கே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். வெளிநாட்டுக்குப் போய்விட்டால் மீட்பது கடினம்.

முதல் வேலை, இணையத்தைத் துண்டிப்பது. வைஃபை பெட்டியின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். தொலைவில் இருப்பவரின் பிடி அந்தக் கணமே விடுபடும்.

இரண்டாவது, வங்கியை அழைப்பது. கணக்கை உடனே முடக்கும் அவசர வசதியைச் சிங்கப்பூர் வங்கிகள் வைத்திருக்கின்றன. வங்கியின் மோசடிப் புகார் எண்ணை இன்றே கைப்பேசியில் சேமித்துவையுங்கள். பதற்றத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மூன்றாவது, காவல்துறையில் புகார் செய்வது. எது மோசடி, எது உண்மை என்ற ஐயம் இருந்தாலே ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண்ணான 1799ஐ எந்நேரமும் அழைத்துக் கேட்கலாம். மலேசியாவில் உள்ளவர்கள், 2022இல் அமைக்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்ற எண்ணை அழைக்கலாம்.

அதன் பிறகு, வேறொரு கருவியிலிருந்து வங்கி, மின்னஞ்சல், சிங்பாஸ் மறைச்சொற்களை மாற்ற வேண்டும். தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை நீக்க வேண்டும். விவரம் தெரிந்த ஒருவர் கணினியைச் சரிபார்த்துத் தரும்வரை அதில் வங்கி வேலை எதுவும் வேண்டாம்.

சில வாரங்கள் கழித்து, “இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்” என்று இன்னொருவர் அழைப்பார். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுகிறது. அது இரண்டாவது மோசடி.

போன பணத்தை வங்கி கொடுத்துவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. 2024 டிசம்பர் 16 முதல் நடப்புக்கு வந்த பொறுப்புப் பகிர்வுக் கட்டமைப்பு, போலித் தளங்களில் விவரங்களைத் திருடும் குறிப்பிட்ட சில மோசடிகளுக்கே பொருந்தும். கணக்குக்கு உரியவரே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம் அதில் அடங்காது. வருமுன் காப்பதே வழி. 2023 நவம்பரில் மூன்று உள்ளூர் வங்கிகள், சேமிப்பின் ஒரு பகுதியைப் பூட்டி வைக்கும் வசதியைக் கொண்டுவந்தன. பூட்டிய பணத்தை இணையம் வழியாக யாரும் வெளியே அனுப்ப முடியாது. வீட்டில் உள்ள பெரியவர்களின் சேமிப்புக்கு இது நல்ல அரண். வங்கிக்கு நேரில் அழைத்துப்போய் ஒரு நாளில் செய்துவிடலாம்.

வீட்டில் பேச வேண்டிய பேச்சு

எல்லாவற்றையும்விடக் கடினமான பகுதி ஒன்று உண்டு. மோசடிக்காரரை ஒருவர் முழுமையாக நம்பிவிட்டால், மகனும் மகளும் வங்கி ஊழியரும் எடுத்துச் சொன்னாலும் நம்பமாட்டார். அத்தகையோரைக் காக்கவே சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் ஒரு சட்டம் நிறைவேற்றியது. 2025 ஜூலை 1 முதல் அது நடப்பில் உள்ளது. எவ்வளவு சொல்லியும் கேட்காமல் ஒருவர் மோசடிக்காரருக்குப் பணம் அனுப்ப முற்பட்டால், அவருடைய கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதை 30 நாள்வரை கட்டுப்படுத்தும்படி வங்கிகளுக்குக் காவல்துறை உத்தரவிடலாம். தேவைப்பட்டால் அதை நீட்டிக்கவும் செய்யலாம். சொந்தப் பணத்தைத் தொடவிடாமல் தடுக்க ஒரு சட்டமே தேவைப்பட்டிருக்கிறது என்றால், அந்தக் குரல் மனத்தை எவ்வளவு ஆழமாகப் பிடித்துவிடுகிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

“யாரிடமும் சொல்லாதீர்கள்” என்பது அந்தக் குரலின் கடைசி ஆயுதம். நம் வீடுகளில் அந்த ஆயுதத்துக்கு நாமே சாணை பிடித்துக் கொடுக்கிறோம். அப்பா ஒரு பொத்தானைத் தவறி அழுத்தினால், “உங்களுக்கு எத்தனை முறை சொல்வது?” என்கிறோம். அம்மா ஒரு சந்தேகம் கேட்டால், “இதுகூடத் தெரியாதா?” என்கிறோம். அடுத்த முறை திரை சிவப்பாகும்போது அவர்கள் பிள்ளையை அழைக்கமாட்டார்கள். பணிவாகப் பேசும் அந்த அந்நியரைத்தான் அழைப்பார்கள். நாம் காட்டாத பொறுமையை அவர் காட்டுகிறார்.

பணம் போன பின்னும் இதே கதைதான். வீட்டில் தெரிந்தால் திட்டுவார்கள் என்ற அச்சத்தில் பல நாள் மறைத்துவைப்பவர்கள் உண்டு. அதற்குள் பணம் கடல் தாண்டியிருக்கும். ஏமாந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால், தப்பித்துப் போவது உண்மையான குற்றவாளிதான்.

ஆகவே இந்த வார இறுதியில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். “திரையில் எது வந்தாலும், யார் அழைத்தாலும், வைத்துவிட்டு முதலில் எனக்குப் போன் போடுங்கள். எந்த நேரமாக இருந்தாலும் பரவாயில்லை, கோபித்துக்கொள்ளமாட்டேன்” என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். சொன்னபடி கோபிக்காமலும் இருங்கள். 1799 என்ற எண்ணையும், வங்கியின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

கணினிக்கு வரும் வைரஸைத் தடுக்க மென்பொருள் உண்டு. மனத்துக்கு வரும் பதற்றத்தைத் தடுக்க, நம்பிப் பேச ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர் வீட்டிலேயே இருந்துவிட்டால், திரையில் மணி எவ்வளவு அலறினாலும் அது வெறும் சத்தம்தான். பதறாத காரியம் சிதறாது.